இணையும் பள்ளிகள்: கட்டணம் என்னவாகும்?

ஐயா,

எங்கள் ஊரில் அடுத்தடுத்த தெருக்களில் உள்ள இரண்டு மெட்ரிக் பள்ளிகள் வரும் ஜூன் முதல் ஒரே குழுமமாக இயங்கப்போகின்றன. ஆய்வகமும் மைதானமும் பொதுவாகுமாம், மகிழ்ச்சிதான். சிறிய பள்ளியில் ஒரே மேசையைச் சுற்றி நாற்பது பிள்ளைகள் எட்டி எட்டி வேதியியல் சோதனை பார்ப்பதைக் கண்டிருக்கிறேன்.

ஆனால் கட்டணம்? தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி, கட்டண நிர்ணயக் குழு ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாகவே தொகை நிர்ணயிக்கிறது. சிறிய பள்ளியை நம்பிச் சேர்த்த பெற்றோரிடம் பெரிய பள்ளியின் கட்டணத்தைக் கேட்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் படிக்கும் பிள்ளைகளின் நிலை என்ன? பெற்றோர் கூட்டத்தில் கேட்டால், "சீருடை மட்டும்தான் மாறும்" என்கிறார்கள். நிர்வாகம் இதை எழுத்தில் தர வேண்டும். மாவட்டக் கல்வி அலுவலர் கேட்டு வாங்கித் தர வேண்டும்.

- ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்