பீப்பாயில் போட்ட கடுதாசி

கண்டனூர்
ஆவணி 20

அன்புள்ள விசாலம்,

உன் கடுதாசி வந்து பத்து நாளாகிவிட்டது. மகளோடும் பேரனோடும் கலபகோஸ் தீவுகள் வரை போய்விட்டு வந்த ஆறு வாரத்தில் இவுக அடுப்படியை வைத்திருந்த கோலம் சொல்லி மாளாது. அதை ஒழுங்கு பண்ணிவிட்டு இன்றைக்குத்தான் முகப்புத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தேன்.

முதலில் உன் வீட்டுச் சேதி. நேற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு போய் முன்கட்டு, பின்கட்டு எல்லாம் திறந்து பார்த்தேன். இரண்டாம் கட்டின் ஓடு கொஞ்சம் சரிந்திருக்கிறது. மழைக்கு முன்னால் மாற்ற ஆள் சொல்லியிருக்கிறேன். தோட்டத்துச் சுவரை ஒட்டிச் சீமைக்கருவேலம் மறுபடியும் ஆள் உயரம் வந்துவிட்டது. கொய்யா நன்றாக இருக்கிறது; அணில் தின்றது போக ஒரு கூடை தேறியது. அந்த இரண்டு மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட வந்த பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

சிரிப்பு ஏன் என்றால், ஈக்வடார் நாட்டுக் கீட்டோ நகரத்து ஹோட்டலில் காலைப் பலகாரத்தோடு பழக்கூடை வைத்திருந்தார்கள். நம்ம ஊர்க் கொய்யா மாதிரியே ஒன்று இருந்தது. வழியில் பேரனுக்கு ஆகும் என்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். கலபகோஸ் தீவுகளுக்கு விமானம் ஏறுமுன் பையை எல்லாம் தனியாக ஒரு சோதனை போடுகிறார்கள். தங்கம், போதை மருந்துக்காக இல்லை. விதை, பழம், செடி, பூச்சிக்காக. சீருடைப் பெண் ஒருத்தி என் கைமுறுக்கு டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்து மூடிவிட்டாள். கொய்யாவை மட்டும் இரண்டு விரலால் தூக்கி, செத்த எலியைப் போடுகிற மாதிரித் தொட்டியில் போட்டாள். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு கொய்யாப் பழத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

ஈக்வடார் கரையிலிருந்து மேற்கே சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் கிடக்கிற தீவுகள் அவை. கலபகோ என்றால் பழைய ஸ்பானிய மொழியில் ஆமையாம். கிளம்புகிற அன்றைக்கு இவுக சொன்னதைக் கேள்: "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் விளங்காதும்பாக. நீ என்னடான்னா காசு கொடுத்து ஆமை வீட்டுக்கே போறே!" காசு என்றால் லேசில்லை. அந்தத் தீவுகளின் தேசியப் பூங்காவுக்குள் கால் வைக்கவே வெளிநாட்டுக்காரர்களுக்குத் தலைக்கு 200 டாலர். 2024 ஆகஸ்டுக்கு முன்னால் 100தான்.

16 பேர் ஏறுகிற சின்னக் கப்பலில் ஐந்து நாள். முதல் ராத்திரி அலையில் நான் பட்ட பாட்டை எழுதினால் உனக்கே குமட்டும். கொண்டுபோன ஓமம் முழுக்கத் தீர்ந்தது. விடிந்து சல்லிவன் விரிகுடாவில் இறக்கிவிட்டார்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் கன்னங்கரேலென்று எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கிறது. உறையும்போது மேல்தோல் சுருண்டு சுருண்டு முறுக்கிக்கொண்டு, நம்ம ஆச்சிமார் சுற்றிப்போட்ட கைமுறுக்கு மாதிரியேதான், விசாலம்! நூறு வருஷத்துக்குச் சற்று மேலான பாறை, அங்கே அது பச்சைக் குழந்தை. பூமிக்கடியில் அடுப்பு இருந்த இடத்திலேயே எரிகிறது, மேலே தோசைக்கல் மட்டும் மெல்லக் கிழக்கே நகர்கிறது என்று வைத்துக்கொள். அதனால் கிழக்கேயுள்ள தீவுகள் கிழடு, மேற்கே இருப்பவை இளசு. எரிமலை இன்னும் பொங்குவது பெரும்பாலும் மேற்கேதான். பூமத்தியரேகை ஓடுகிற இடத்தில் பென்குயின் நிற்கிறது. தெற்கேயிருந்தும் ஆழத்திலிருந்தும் குளிர்ந்த நீரோட்டம் வந்து சேர்வதால் அதற்குச் சரிப்படுகிறதாம். காலெல்லாம் நீலச்சாயம் தோய்த்த ஒரு பறவை இருக்கிறது. அதைப் பேரன் இருநூறு படம் எடுத்து வைத்திருக்கிறான், நீ வரும்போது தப்ப முடியாது.

எனக்குப் பிடித்தது கடல் உடும்புதான். கடலுக்குள் முங்கிப் பாசி மேய்ந்துவிட்டு வந்து பாறையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் குளிர்காய்கிறது. உடம்பில் சேர்ந்த உப்பை மூக்கு வழியாகத் 'துஸ்' என்று தும்முகிறது. அது தலையிலேயே விழுந்து காய்ந்து, திருநீறு பூசின மாதிரி. இருபது கிழங்கள் வரிசையாகத் திருநீற்றோடு உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, கல்யாண வீட்டுத் திண்ணை நினைவுதான் வந்தது. யாரும் நம்மைக் கண்டு ஓடுவதில்லை. நாம்தான் இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

மூன்றாம் நாள் சாண்டா குரூஸ் தீவு. கரையோரம் ஒற்றையடிப் பாதையில் நடக்கும்போது பார்க்கிறேன், சீமைக்கருவேலம்! அதே முள், அதே மஞ்சள் காய். "இது எங்க ஊர்ச் சனியன்" என்று மகளிடம் சொன்னேன், அவள் கைடிடம் சொன்னாள். அந்தப் பெண் பதறிப்போய், "இது அல்கரோபோ, இந்தத் தீவின் சொந்த மரம்" என்றாள். 2017இல் மதுரை ஹைகோர்ட்டுக் கிளை உத்தரவு போட்டு, ஊர் ஊராகப் பிடுங்கினோமே, அந்த மரம். அங்கே அதற்கு அடங்கின வளர்த்தி. யாரையும் நெருக்காமல் தன் பாட்டுக்கு நிற்கிறது. பக்கத்திலேயே சப்பாத்திக்கள்ளி, அதுவும் செடியாக இல்லை; அடிமரம் தடித்து, அண்ணாந்து பார்க்கிற மரமாக.

அப்புறம் மேட்டு நிலத்துக்கு ஏற்றிப் போனார்கள். தூறல், சேறு, ரப்பர் பூட்ஸ். வழி நெடுக என்ன மரம் தெரியுமா? கொய்யா. குடியேறினவர்கள் தின்ன நட்டது, காட்டை மூடி உள்ளூர்ச் செடியை எழும்பவிடாமல் அடிக்கிறதாம். "எங்களுக்குப் பெரிய தலைவலி இதுதான்" என்றாள் கைடு. நான் அந்தத் தொட்டியில் விழுந்த பழத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் கொய்யாவுக்கடியில்தான் ஆமை. முதலில் பாறை என்று நினைத்தேன். பாறை கழுத்தை நீட்டியது. கிழவியின் முழங்கை மாதிரி சுருக்கம் விழுந்த கழுத்து. கீழே விழுந்து அழுகிய கொய்யா ஒன்றை வாயில் கவ்வி, அவசரமே இல்லாமல் மென்றது. தாடை ஓரத்தில் சாறு வழிந்தது, விதை ஒட்டியிருந்தது. பேரன் கொஞ்சம் கிட்டப் போனதும் தலையை உள்ளே இழுத்தது, குக்கரில் ஆவி இறங்குவது போலச் சத்தம். நகர்ந்த இடத்தில் சாணி கிடந்தது. குனிந்து பார்த்தேன், அதிலும் முழுசு முழுசாகக் கொய்யா விதை. பகையை ஊர் ஊராகக் கொண்டு போய் விதைப்பதில் அதற்கும் பங்கு உண்டு. பாவம், அதற்கு என்ன தெரியும், பழம் இனிக்கிறது.

இவுக சொன்ன பழமொழியில் ஆள்தான் மாறிப்போச்சு. ஆமை வீட்டுக்குள் புகுந்த அமீனா நாம். திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பிடித்துக் கப்பலின் அடித்தட்டில் அடுக்கியிருக்கிறார்கள். தண்ணீர் தீனி இல்லாமல் மாசக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம், வேண்டும்போது அறுத்துக்கொள்ளலாம். பிறகு ஆட்டை விட்டார்கள். ஆடு தீவையே மொட்டையடித்தது. 2006க்குள் ஹெலிகாப்டரில் போய் லட்சத்துக்கு மேற்பட்ட ஆடுகளைச் சுட்டுத் தள்ளியிருக்கிறார்கள். ஓர் ஆட்டின் கழுத்தில் ரேடியோவைக் கட்டி விடுவதாம், அது போய்ச் சேருகிற கூட்டத்தைக் கண்டுபிடித்துச் சுடுவதாம். ஆமைக்காக என்று தெரிந்தும் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிந்தா தீவின் கடைசி ஆமையைப் பாடம் பண்ணிக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். 'தனிமை ஜார்ஜ்' என்று பெயர். 2012 ஜூன் 24இல் செத்தது. வாரிசு இல்லை. தத்துப்பிள்ளை கூட்டி வர முடியாத ஒரு குடும்பப் புள்ளி அது.

இனி உனக்கு வேண்டிய விஷயம். புளோரியானா தீவில், கரையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மரப் பீப்பாய் ஒன்று இருக்கிறது. 200 வருஷத்துக்கு முன்னால் திமிங்கில வேட்டைக்காரர்கள் ஊருக்கு எழுதிய கடுதாசியை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். ஊர் திரும்புகிற கப்பல்காரன் தன் பக்கத்துக்கு உள்ளதை எடுத்துப் போவான். அவர்கள் போவதும் இரண்டு மூன்று வருஷக் கணக்கு. நம்ம ஐயாமார் கடல் கடந்து கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் பார்க்க, போனதும் மூன்று வருஷக் கணக்குத்தானே? ரங்கூனிலிருந்து திரும்புகிற ஆள் கையில் வந்த கடுதாசியை எங்க அப்பத்தா, பெட்டகத்தில் பட்டுப்புடவைக்கடியில் வைத்திருந்தாளே, படிக்கத் தெரியாமலே. அந்தப் பீப்பாயின் முன்னால் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இப்போது இருப்பது பழைய பீப்பாய் இல்லை, வருகிறவர்கள் விளையாட்டாகத்தான் போடுகிறார்கள் என்று மகள் சொன்னாள். இருக்கட்டுமே.

வழக்கம் இன்னும் அப்படியே. தபால்தலை கிடையாது. உள்ளே கிடக்கிற கார்டுகளைப் புரட்டி, உன் ஊர்ப்பக்கத்து விலாசம் இருந்தால் எடுத்துப்போய் நேரில் கொடுக்க வேண்டும். நானும் பேரனும் ஒரு மணி நேரம் புரட்டினோம். ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான்... கடைசியில் மதுரைக்கு ஒன்று! எடுத்து வந்திருக்கிறேன், என் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. உனக்கும் ஒன்று எழுதிப் போட்டேன். சென்னைக்காரர் யாராவது அந்தப் பக்கம் போய் எடுத்து வந்தால் உனக்குக் கிடைக்கும். அதை நம்பி உட்கார்ந்திருக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

ஐப்பசி முகூர்த்தத்துக்கு நீ வருவாயே, இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க ஆள் சொல்லி வைக்கிறேன், நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொள். மறுநாள் காலை பஸ்ஸில் மதுரைக்குப் போய் அந்தக் கார்டைக் கொடுத்துவிட்டு, மீனாட்சியையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம். கதவைத் தட்டி என்ன சொல்வது என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.

கொய்யாவை ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்துவிட்டிருக்கிறேன். இரண்டு காய்வெட்டு.

அன்புடன்,
அலமேலு