ஊரூர்க் குப்பத்துக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி

மாட்டுப் பொங்கலன்று மாலை, பெசன்ட் நகர்க் கடற்கரையில் எங்கள் அக்காவின் மகனைக் கடல் இழுத்துக்கொண்டு போனபோது ஓடி வந்த அத்தனை பேருக்கும் வணக்கம். உங்களில் பலருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறோம்.

முதல் நன்றி ஊரூர்க் குப்பத்து அண்ணன்மார் இருவருக்கு. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றிருந்த பிள்ளை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலைகளுக்கு அப்பால் போய்விட்டான். நீங்கள் அவனுக்கு நேராகக் கடலில் இறங்கவில்லை. வேளாங்கண்ணி மாதா கோயில் இருக்கும் தெற்குப் பக்கமாக ஓடி, அங்கிருந்துதான் கயிறு கட்டிய காலி கேனோடு இறங்கினீர்கள். வாடைக் காற்றுக் காலத்தில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே போகும், பையன் அங்கேதான் வந்து சேர்வான் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. “கரையைப் பார்த்து நீந்தாதே, மல்லாந்து மித!” என்று நீங்கள் போட்ட சத்தம் அவன் காதில் விழுந்திருக்கிறது. அதனால்தான் தாக்குப்பிடித்தேன் என்கிறான்.

பிறகு குப்பத்துப் பெரியவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். அலை கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எங்காவது ஒரு வழியாகத் திரும்பிப் போயாக வேண்டும். அந்த வழியில் மணல் அரித்துப் பள்ளமாகிவிடுவதால் அலை உடைவதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு அதுதான் அமைதியான இடமாகத் தெரிகிறது. பிள்ளைகளையும் அங்கேயே இறக்கிவிடுகிறார்கள். ஐயா, நீங்கள் சொன்னதை உறவினர்கள் அனைவருக்கும் சொல்லிவருகிறோம்.

அந்தக் கடற்கரையில் நிற்கும் வெள்ளை வளைவு, 1930 டிசம்பர் 30 அன்று மற்றவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்த ஷ்மிட் என்பவரின் நினைவாகக் கட்டப்பட்டது. அதன் நிழலில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! அதே கடலில் இன்றும் உயிரைப் பணயம் வைத்து இறங்கும் மீனவர்களின் பெயர்களும் அதன் பக்கத்தில் ஒரு கல்லில் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாவை எப்படி மறப்பது? கரைக்கு வந்த பையனின் வயிற்றை அழுத்தப் போனவர்களைத் தடுத்து, மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தன் சேலைத் தலைப்பால் போர்த்தினீர்கள். நீங்கள் செய்தது முற்றிலும் சரி என்று மருத்துவர் சொன்னார். நுரையீரலில் நீர் புகுந்திருந்தால் பல மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறல் வரலாம் என்று, அன்று இரவு முழுவதும் அவனைக் கண்காணிப்பிலேயே வைத்திருந்த அவருக்கும் செவிலியர்களுக்கும் நன்றி. கூட்டத்தை விலக்கி ஆம்புலன்ஸுக்கு வழி செய்த காவலர்களுக்கும் நன்றி. மறுநாள் காணும் பொங்கலுக்குத் தண்ணீரில் இறங்கவிடாமல் நீங்கள் தடுப்பு கட்டியதைப் பார்த்துச் சலித்துக்கொண்டவர்கள் உண்டு. எங்களுக்கு அந்தக் கட்டைகளைக் கும்பிடத் தோன்றியது.

எங்கள் தெருக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்துமா உள்ள எங்கள் அம்மாவுக்குப் போகி என்றாலே பயம். மார்கழி மாத விடியற்காலையில் காற்று அசைவதில்லை. குளிர்ந்த தரையை ஒட்டியே புகை தங்கிவிடும். வெயில் ஏறிக் கடல்காற்று வந்தால்தான் கலையும். இந்த ஆண்டு டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்காமல் பழைய பாயோடு நிறுத்திக்கொண்டீர்கள். அம்மா அன்று காலை வாசலில் உட்கார்ந்து கோலம் போட்டார்.

குப்பத்து அண்ணன்மாரே, பணம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டீர்கள். ஊர்ப் பஞ்சாயத்து சம்மதித்தால், மிதவை வளையங்களும் நல்ல நைலான் கயிறும் வாங்கித் தருகிறோம். எந்த அளவு, எவ்வளவு நீளம் என்று நீங்களே சொல்லுங்கள். பையனையும் அழைத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்கு வருகிறோம்.

நன்றியுடன்,
பெசன்ட் நகரிலிருந்து ஒரு குடும்பம்