கேமரா எந்தப் பக்கம் நிற்கிறது

முதலியார்பேட்டை, புதுச்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

"லீவு நாளில் பார்க்க நல்ல டாக்குமென்டரியா நாலு சொல்லுங்கப்பா, பேரை வாட்ஸ்அப்பில் போட்டால் போதும்" என்று போனில் சொன்னாய். பேரை மட்டும் போட எனக்கு மனசு வரவில்லை. ஏன் பார்க்கணும் என்று சொல்லாமல் பேரை மட்டும் கொடுத்து என்ன பிரயோஜனம்? அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

உன் ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். லியோனில் மெட்ரோ டி லைனில் மோன்பிளேசீர் லூமியேர் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே இறங்கினால் பக்கத்திலேயே ரூ து பிரமியே ஃபில்ம் என்ற தெரு. 1895 மார்ச்சில் லூயி லூமியேர் அந்தத் தெருவில் கேமராவை வைத்து, தங்கள் குடும்பத்து போட்டோ பிளேட் ஃபாக்டரியிலிருந்து ஆட்கள் வெளியே வருவதைப் பிடித்தார். ஒரு நிமிஷம்கூட ஓடாது. அந்த டிசம்பர் 28ஆம் தேதி பாரிஸில் முதன்முதலாகக் காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குப் படம் காட்டியபோது முதலில் ஓடியது அதுதான். அதாவது சினிமாவின் முதல் ஹீரோ நம்மைப் போன்ற ஃபாக்டரி ஆட்கள்தான், தெரிந்துகொள். அந்த ஃபாக்டரியின் கொட்டகையை இன்னும் வைத்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆனால் படத்தை உற்றுப் பார். பெண்கள் நீளப் பாவாடையும் தொப்பியுமாக வருகிறார்கள், ஒரு நாய் குறுக்கே ஓடுகிறது, ஒருத்தர் சைக்கிளில் வருகிறார். யார் முகத்திலும் களைப்பு இல்லை, எவர் உடுப்பிலும் அழுக்கு இல்லை. அதை மூன்று தடவை எடுத்திருக்கிறார்கள். ஒன்றில் வண்டிக்கு ஒரு குதிரை, இன்னொன்றில் இரண்டு, மற்றொன்றில் குதிரையே கிடையாது. நாங்கள் மில்லில் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதி வெளியே வரும்போது எப்படி வருவோம் என்று உனக்குத் தெரியும். தலை, புருவம், காதுமடல் எல்லாம் பஞ்சு. வாசலில் வாட்ச்மேன் மடியைத் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவான். லூமியேர் படத்தில் அதெல்லாம் இல்லை. ஏன் இல்லை? கேமராவுக்குப் பின்னால் நிற்பது முதலாளி வீட்டுப் பிள்ளை. 'கிளம்பு, இப்படி நட' என்று அவர் சொன்னால் யார் மறுப்பார்கள்?

அதிலிருந்து எந்த டாக்குமென்டரி பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான். கேமரா எந்தப் பக்கம் நிற்கிறது? கேட்டுக்கு வெளியிலா, உள்ளேயா, முதலாளி அறையிலா? அதைப் பார்த்தாலே பாதிப் படம் புரிந்துவிடும்.

ஜெர்மன்காரர் ஹாரூன் ஃபரோக்கிக்கும் இந்த விஷயம் உறுத்தியிருக்கிறது. லூமியேர் எடுத்து நூறு வருஷம் ஆனபோது, 1995-ல், உலகம் முழுக்கச் சினிமாவில் ஆட்கள் ஃபாக்டரியை விட்டு வெளியே வரும் காட்சிகளைத் தேடிச் சேர்த்து 36 நிமிஷத்துக்கு ஒரு படம் பண்ணினார். சினிமா ஃபாக்டரி வாசலோடு நின்றுவிடுகிறது, உள்ளே போவது அபூர்வம் என்கிறார். நம் கடலூர் ரோட்டு சவானா மில்லில் 1936 ஜூலை 30ஆம் தேதி பிரெஞ்சுக்காரன் போலீஸ் சுட்டதில் 12 பேர் செத்தார்களே, அதன் பிறகுதானே நமக்கு எட்டு மணி நேர வேலை வந்தது. அந்தச் சண்டையெல்லாம் தாத்தா வாயால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஃபரோக்கி படத்தைப் பார்த்தபோது அந்த வாசலில் ஒரு கேமரா நின்றிருக்கக் கூடாதா என்று தோன்றியது.

சரி, உள்ளே போன படத்துக்கு வருகிறேன். ராகுல் ஜெயின் எடுத்த 'மெஷின்ஸ்'. 2016-ல் வந்தது. குஜராத்தில் ஒரு துணி ஃபாக்டரி. பின்னணிக் குரல் கிடையாது, பாட்டு கிடையாது. கேமரா சாய மெஷின்களுக்கு நடுவே மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். நான் சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தேன். அம்மா அடுப்படியிலிருந்து, "என்ன இது, வீட்டுக்குள்ளேயே மில்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டீர்களா, குறையுங்கள்" என்று கத்தினாள். எனக்கு அந்தச் சத்தத்தில்தான் எல்லாம் சரியாகக் கேட்டது. தறி ஷெட்டில் வருஷக் கணக்காக நின்றவனுக்குக் காது அப்படித்தான் ஆகிவிடுகிறது. நாங்கள் உள்ளே வாயால் பேசுவதைவிடக் கையாலும் உதட்டாலும் பேசியதுதான் அதிகம்.

அந்தப் படத்தில் ஒரு பையன் வருவான். மெஷின் முன்னால் நிற்கிறான், கண் சொருகுகிறது. தலை தொங்குகிறது, நிமிர்கிறான், மறுபடி தொங்குகிறது. கொட்டாவி விடுகிறான். கை மட்டும் துணியை விடவில்லை. கேமரா அவனை விட்டு நகராமல் அப்படியே நிற்கும். வேறு யாராவது எடுத்திருந்தால் அஞ்சு செகண்டு காட்டிவிட்டு, குழந்தைத் தொழிலாளர் பற்றிப் புள்ளிவிவரம் போட்டு அடுத்ததுக்குப் போயிருப்பார்கள். இவர் நம்மையும் அவனோடு தூங்காமல் நிற்க வைக்கிறார். ராத்திரி ஷிப்டில் மூன்று மணிக்கு மேல் வரும் அந்தத் தூக்கத்தை நான் சினிமாவில் அதற்கு முன் பார்த்ததில்லை. வெறுங்கையால் சாயம் கலக்கும் ஆட்கள், துணி மூட்டை மேலேயே சுருண்டு படுக்கும் ஆட்கள், ரயில் சார்ஜுக்குக் கடன் வாங்கிக்கொண்டு வந்ததாகச் சொல்கிற ஒருத்தர். நடுவில் முதலாளி ஏ.சி. அறையில் உட்கார்ந்து சிசிடிவியில் இவர்களைப் பார்க்கிறார். வயிறு நிறைந்துவிட்டால் வேலையில் அக்கறை போய்விடும் என்கிற ரீதியில் பேசுகிறார். கோபப்படாமல் கேள். அந்தப் பேச்சு எந்த ஊர் மில்லிலும் உண்டு.

கடைசியில் ஆட்கள் படம் எடுப்பவரையே சூழ்ந்துகொள்கிறார்கள். நீங்கள் வருகிறீர்கள், கஷ்டத்தைக் கேட்கிறீர்கள், போய்விடுகிறீர்கள், நாங்கள் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். அவரிடம் பதில் இல்லை. அதை வெட்டாமல் வைத்தாரே, அதற்காகவே அந்த டைரக்டர் பையன் மேல் எனக்கு மரியாதை.

மில் மூடின கதை உனக்குத் தெரிந்ததுதான், அதை இங்கே இழுக்கவில்லை. ஆனால் மூடின ஃபாக்டரி எப்படி இருக்கும் என்று மாப்பிள்ளைக்குப் புரிய வேண்டுமென்றால், ஜூலியா ரைகெர்ட்டும் ஸ்டீவன் போக்னரும் எடுத்த இரண்டு படங்களை வரிசையாகப் பாருங்கள். அமெரிக்காவில் ஒஹாயோ பக்கம் ஜெனரல் மோட்டார்ஸ் ஃபாக்டரி 2008 டிசம்பரில் மூடியது. முதல் படம் அதைப் பற்றிய 'தி லாஸ்ட் ட்ரக்', நாற்பது நிமிஷம். கம்பெனி உள்ளே கேமராவை விடவில்லை. தொழிலாளிகளே சின்னக் கேமராவை உள்ளே கொண்டுபோய்க் கடைசி நாட்களை எடுத்தார்கள். அடுத்தது 2019-ல் வந்த 'அமெரிக்கன் ஃபாக்டரி'. அதே கட்டடத்தில் ஃபுயாவோ என்ற சீனக் கம்பெனி கார் கண்ணாடி செய்ய வருகிறது. முன்பு மணிக்கு 29 டாலர் வாங்கிய அம்மா இப்போது 12 டாலர் 84 சென்ட் வாங்குகிறார். இந்தத் தடவை கேமரா எல்லா இடத்துக்கும் போகிறது. சீன மேனேஜர்களின் கூட்டத்துக்குள்ளேயே போகிறது. யூனியன் வேண்டுமா என்று ஓட்டெடுப்பு நடக்கும்போது எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. முடிவைச் சொல்லமாட்டேன். சீனாவிலிருந்து வந்த ஆட்களையும் வில்லனாக்காமல், அவர்கள் பெண்டாட்டி பிள்ளையைப் பிரிந்து கிடப்பதையும் காட்டியிருக்கிறார்கள் பார், அதனால்தான் இது பெரிய படம். ஆஸ்கர் கொடுத்தது அப்புறம்.

எல்லாம் ஃபாக்டரிப் படமாகவே சொல்கிறாரே என்று சலித்துக்கொள்ளாதே. ஆன்யெஸ் வர்தா 2000-ல் எடுத்த 'லே க்ளானர் எ லா க்ளானெஸ்' உனக்கு அங்கே சுலபமாகக் கிடைக்கும். அறுவடை முடிந்த வயலில் மிச்சம் மீதி பொறுக்குகிறவர்களைத் தேடி அந்தக் கிழவியே சின்ன டிஜிட்டல் கேமராவோடு பிரான்ஸ் முழுக்கச் சுற்றுகிறார். அளவுக்கு ஒத்துவராத உருளைக்கிழங்கை லாரி லாரியாகக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அதில் இதயம் மாதிரி இருப்பதைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறார். ஒரு வக்கீல் கறுப்பு அங்கியோடு தோட்டத்துக்கு நடுவில் நின்று, சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அறுவடைக்குப் பிறகு பொறுக்குவது ஜனங்களின் உரிமை என்று விளக்குகிறார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். குறிஞ்சிப்பாடிப் பக்கம் மல்லாட்டை பிடுங்கின கொல்லையில் மண்ணைக் கிளறிப் பொறுக்கி வளர்ந்தவள் அவள். "எங்களை விரட்டினானுங்களே, அப்போ இந்த வக்கீல் எங்கே போனார்?" என்றாள்.

வர்தா கேமராவைத் தன் கை மேலேயே திருப்புகிறார். சுருக்கம், புள்ளி, நரம்பு எல்லாம் தெரிகிறது. கேமரா எந்தப் பக்கம் என்ற என் கேள்விக்கு அந்த அம்மா இரண்டு பக்கமும் நின்று பதில் சொல்லிவிட்டார். மார்க்கெட்டில் கீழே கிடக்கும் கீரையும் ரொட்டியும் தின்றுவிட்டு, ராத்திரியில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் காசு வாங்காமல் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் ஒரு படித்த மனிதர் வருவார். அவரைக் கவனி. நீ போன புதிதில் பாஷை தெரியாமல் தவித்தது நினைவுக்கு வரும்.

பிரெஞ்சு டைரக்டர் லூயி மால் 1968-ல் இந்தியாவுக்கு வந்து எடுத்த ஏழு பாகப் படத்தில் நம்ம ஊர் அரவிந்தர் ஆசிரமமும் வருகிறது. சில இடங்களில் எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் கேமரா வந்ததும் ஜனங்கள் எப்படி மாறிப்போகிறார்கள் என்று அவரே ஒத்துக்கொள்வதால் பார்க்கலாம். உப்பளம் பிடிக்குமென்றால், மரக்காணம் பக்கம் பஸ்ஸில் போகும்போது குவியல் குவியலாகப் பார்த்து வாய் பிளப்பாயே, ஃபரிதா பாச்சாவின் 'மை நேம் இஸ் சால்ட்' பார். கட்ச் பாலைவனத்தில் எட்டு மாசம் தங்கி உப்பு எடுக்கும் ஒரு குடும்பம். பேச்சு ரொம்பக் குறைவு.

நம்மவர்களை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. கோட்டையூர் ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றி உலகம் முழுக்கச் சிதறிக்கிடந்த பிலிமைத் தேடிச் சேர்த்து, 1940-ல் தமிழில் வெளியிட்டார். வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலம், யோசித்துப் பார். இந்தக் காலத்தில் திவ்யபாரதி என்ற பெண் 'கக்கூஸ்' என்று ஒரு படம் எடுத்தார், 2017-ல். மலம் அள்ளுவதற்கு ஆள் வைக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்த பிறகும் தமிழ்நாடு முழுக்க அது நடப்பதை ஊர் ஊராகப் போய் எடுத்திருக்கிறார். திரையிட விடாமல் தடுத்தார்கள், அவர் மேல் கேஸும் போட்டார்கள். யூடியூபில் இருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டு பார்க்காதே, சாப்பிட்ட உடனேயும் பார்க்காதே. ஆனால் பாதியில் நிறுத்திவிடாதே. அதில் கேமரா மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்கவில்லை, அவர்கள் நிற்கும் இடத்திலேயே போய் நிற்கிறது. மாப்பிள்ளைக்குத் தமிழ் ஓடாத இடங்களில் நீ எடுத்துச் சொல்.

அம்மா, 'மை ஆக்டோபஸ் டீச்சர்' பேரையும் எழுதியே ஆக வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தென்னாப்பிரிக்காவில் கிரெய்க் ஃபாஸ்டர் என்பவர் தினமும் கடலுக்குள் இறங்கி ஒரு பேய்க்கணவாயோடு பழகுகிறார். எனக்கு, அந்த மனுஷன் தன்னைப் பற்றிக் கொஞ்சம் குறைவாகப் பேசியிருக்கலாம் என்று தோன்றியது. அம்மாவிடம் அதைச் சொல்ல முடியாது. இரண்டு தடவை அழுதுகொண்டே பார்த்தாள். அதிலிருந்து வீட்டில் கணவாய்த் தொக்கு கிடையாது. படத்தில் வந்தது வேறு, பெரிய மார்க்கெட்டில் விற்பது வேறு என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். அடுத்த தடவை போன் பண்ணும்போது நீயாவது எடுத்துச் சொல்.

அன்புடன்,
அப்பா