லெ மான் பார்க்க உட்காரும் முன்

கோவை

அன்புள்ள சண்முகம்,

பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. குழந்தைக்கும் தாய்க்கும் எங்கள் ஆசிகள்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமார் அணி போர்ஷே பந்தய வண்டிகளுக்கான 991 பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து இந்தப் பந்தயங்களைப் பார்ப்பதாகவும், யார் முந்துகிறார், யார் பின்தங்குகிறார் என்றே பிடிபடவில்லை என்றும் எழுதியிருந்தாய். நீ ஒரே பந்தயமாக நினைத்துப் பார்க்கிறாய், அதுதான் சிக்கல். ஒரே பாதையில் பல பந்தயங்கள் சேர்ந்து ஓடுகின்றன. லெ மானை வைத்துச் சொல்கிறேன், மற்றவை தானாகப் புரிந்துவிடும்.

பிரான்சில் 1923-ல் தொடங்கிய 24 மணி நேரப் பந்தயம் இது. ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி மற்ற நாட்களில் ஊர் வண்டிகள் போகும் சாலை. ஜூனில் ஒரு சனிக்கிழமை அங்கே மாலை 4 மணிக்குத் தொடக்கம், நமக்கு இரவு 7:30. மறுநாள் அதே நேரத்தில் முடிவு.

மூன்று பிரிவுகள். மேலே ஹைப்பர்கார்: ஃபெராரி, டொயோட்டா போன்ற நிறுவனங்கள் பந்தயத்துக்கென்றே செய்யும் வண்டிகள், எண் பலகை சிவப்பு. அடுத்து எல்எம்பி2: எல்லா வண்டிக்கும் கிப்சன் நிறுவனத்தின் ஒரே வகை வி8 எஞ்சின், பலகை நீலம். மூன்றாவது எல்எம்ஜிடி3, சுருக்கமாக ஜிடி3: கடையில் விற்கும் ஸ்போர்ட்ஸ் காரின் உருவத்திலேயே இருக்கும், பார்த்ததும் தெரியும். ஒவ்வொரு பிரிவுக்கும் தனி வெற்றி, தனி மேடை. திரையில் 'ஒட்டுமொத்தம் 35' என்று இருக்கும் வண்டி தன் பிரிவில் முதலாவதாக இருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார். ஹைப்பர்காருக்கு ஒரு சுற்று சுமார் மூன்றரை நிமிடம், ஜிடி3-க்கு சுமார் நான்கு. அப்படியானால் 28 நிமிடத்துக்கு ஒருமுறை அதே ஜிடி3-ஐ அதே ஹைப்பர்கார் ஒரு சுற்று கூடுதலாகக் கடக்கும். களத்தில் 60 வண்டிகள் இருக்கும்போது முந்துவது ஓயாத வேலை. மெதுவான வண்டி தன் வழக்கமான தடத்திலேயே போக வேண்டும், வேகமான வண்டிதான் ஒதுங்கிக் கடக்க வேண்டும். வழி விடுகிறேன் என்று ஜிடி ஓட்டுநர் திடீரென விலகினால்தான் மோதல். கடப்பவர் தடத்தை விட்டு வெளியே போனால் அங்கே கிடக்கும் ரப்பர் துணுக்குகள் டயரில் ஒட்டிப் பிடிமானம் போய்விடும். இரவில் பல விபத்துகள் இப்படி வருபவைதான்.

வண்டிக்கு மூன்று ஓட்டுநர்கள். எந்த 6 மணி நேரத்திலும் ஒருவர் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, மொத்தம் 14 மணி நேரம்தான். ஓட்டுநர்களைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிக்கிறார்கள். ஜிடி3-ல் ஒரு வெண்கல ஓட்டுநராவது கட்டாயம். பெரும்பாலும் வேறு தொழில் செய்துகொண்டு பந்தயம் ஓட்டுபவர் அவர். முன்னிலையில் இருந்த வண்டி சட்டென்று பின்தங்கினால், உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் பார். (சென்னையின் கருண் சந்தோக்தான் லெ மானில் போட்டியிட்ட முதல் இந்தியர். 2012-ல் அவர் அணி ஒட்டுமொத்தத்தில் ஆறாம் இடம்.)

என்னைக் கேட்டால் பந்தயத்தின் உயிர் பிட்டில்தான் இருக்கிறது, அதாவது எரிபொருளுக்கும் டயருக்கும் வண்டி வந்து நிற்கும் இடத்தில். ஒரு டேங்க்குக்கு 12 சுற்று என்று வைத்துக்கொள். 311 சுற்றுக்கு 25 முறை நிற்க வேண்டும். வளைவுக்குச் சற்று முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டியை உருளவிட்டு 13 சுற்று இழுத்தால் 23 முறை போதும். ஒவ்வொரு நிறுத்தமும் பிட் பாதையில் ஊர்ந்து போவதையும் சேர்த்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் தின்னும். 2024-ல் ஃபெராரி 311 சுற்று ஓடி டொயோட்டாவை வென்றது வெறும் 14 விநாடியில். அதுவும் கடைசி இரண்டு மணி நேரத்துக்குள், கதவு மூடாமல் ஆடியதால் கூடுதலாக ஒருமுறை பிட்டுக்கு வந்து போன பிறகு!

டயரும் இப்படித்தான். எரிபொருள் மட்டும் போட்டுக்கொண்டு அதே டயரில் இரண்டு, மூன்று தவணை (ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரை ஒரு தவணை) ஓட்டினால் நேரம் மிச்சம், ஆனால் தேய்ந்த டயர் சுற்றுக்குச் சுற்று பறித்துக்கொள்ளும். புது டயருக்கும் ஆபத்து உண்டு. முன்கூட்டியே சூடாக்கும் போர்வைக்கு இப்போது அனுமதி கிடையாது. 2023-ல் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்தில் குளிர்ந்த டயரோடு பிட்டை விட்டு வந்த ஃபெராரி உடனே சறுக்கித் தடுப்பில் மோதியது. அதனால் பிட்டிலிருந்து வெளியே வரும் வண்டியின் முதல் சுற்றைக் கண் எடுக்காமல் பார்.

வண்டி எங்கே உடையும் என்று கேட்டிருந்தாய். ரேடியேட்டர் வாயில் ரப்பரும் குப்பையும் அடைத்தால் எஞ்சின் கொதிக்கும். ஜிடி3-ல் பிரேக் பேட் தேய்ந்துபோகும். ஹெட்லைட் உடைந்தால் இரவில் முன்பக்கத்தையே மாற்ற வேண்டும். 2016-ல் டொயோட்டா வெற்றிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது எஞ்சின் சக்தி இழந்து நின்றது. காற்றை அழுத்தித் தரும் டர்போவிலிருந்து அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் காற்றுக் குழாயின் ஓர் இணைப்புதான் காரணம். கடைசிச் சுற்றை முடிக்க 6 நிமிடத்துக்கு மேல் ஆனதால் முடிவுப் பட்டியலிலும் அதற்கு இடமில்லை. 23 மணி 57 நிமிட உழைப்பு! இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது.

இந்த முறை ஜிடி3-ல் ஒரே ஒரு வண்டியைத் தேர்ந்தெடு. நோட்டில் அது பிட்டுக்கு வரும் சுற்று எண், ஓட்டுநர் பெயர், டயர் மாற்றினார்களா இல்லையா, இந்த மூன்றை மட்டும் குறி. நள்ளிரவில் தூங்கிவிடலாம். ஆனால் நம் நேரம் காலை 9 மணிக்கு எழுந்துவிடு, அங்கே விடிகிற நேரம் அது. அந்த நோட்டை எனக்கு அனுப்பு. அந்த வண்டி எங்கே தோற்றது அல்லது ஜெயித்தது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
ராமு