கோப்புகளைத் திறந்து காட்டியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

செயலித் திரைகளை வடிவமைக்கக் கற்கும் எங்கள் மாணவர்களை அலுவலகத்துக்குள் அழைத்து, வேலை நேரத்தை ஒதுக்கி, கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன தொழில்நுட்ப நிறுவன நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

"உதவிய எல்லோருக்கும் நன்றி" என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஆனால் யார் செய்த எந்த உதவி மாணவர்களுக்கு உண்மையில் பயன்பட்டது என்பது அப்போது உதவியவர்களுக்கே தெரியாமல் போய்விடும். மாணவர்களை அழைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் மற்ற நிறுவனங்களுக்கும் அந்த ஒரு வரியால் பயன் இல்லை. எனவே பெயர்களைத் தவிர்த்து, செய்த உதவியைச் சொல்லியே நன்றி கூறுகிறோம்.

முதல் நன்றி வரவேற்பு மேசையிலும் பாதுகாப்புப் பணியிலும் இருந்தவர்களுக்கு, மனிதவளத் துறையினருக்கு. பெயர்ப் பட்டியல் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று நீங்கள் வலியுறுத்தியது சிறிய விஷயமல்ல. பட்டியலில் தலைப்பெழுத்து முன்னாலும் அட்டையில் பின்னாலும் இருந்தால் போதும், அந்த மாணவர் வாசலிலேயே நின்றுவிடுவார், அவருக்காக மொத்தக் குழுவும் நிற்கும். மடிக்கணினி வரிசை எண்களையும் முன்னதாகவே கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை வாசலில் நீட்டிக் கையெழுத்து கேட்காமல், படித்துப் பார்க்க அவகாசம் கொடுத்து அனுப்பினீர்கள். திரையையும் வெள்ளைப்பலகையையும் படம் எடுக்கக் கூடாது, வெளிவராத அம்சங்களைப் பற்றி எங்கும் எழுதக் கூடாது, வேலை செய்யும் முறையைப் பற்றிக் கையால் குறிப்பெடுக்கலாம் என்று எளிய சொற்களில் ஒரு பக்கம் எழுதி அதனுடன் இணைத்திருந்தீர்கள். எது கூடாது என்பதோடு எது கூடும் என்பதையும் சொன்னதால்தான் மாணவர்கள் பயமில்லாமல் பேனாவைத் திறந்தார்கள்.

குழுவைப் பிரித்த யோசனையும் உங்களுடையதே. நாற்பது பேரை ஓர் அரங்கில் உட்காரவைத்தால் அங்கே நடப்பது நிறுவன அறிமுகக் காட்சி மட்டும்தான். கேள்வி கேட்பவர்கள் முன்வரிசையில் இருக்கும் மூன்று பேர். எட்டுப் பேர் என்றால் ஒரு மானிட்டரைச் சுற்றி நிற்கலாம், திரையில் உள்ள சின்ன எழுத்தையும் படிக்கலாம். ஒரே நேரத்தில் பல அறைகள், அறைக்கு நாற்பது நிமிடம், இடையில் பத்து நிமிடம் என்ற சுழற்சி நன்றாக வேலை செய்தது. அந்தப் பத்து நிமிடத்தை யாரும் வெட்டிவிட வேண்டாம் என்று மற்றவர்களிடமும் சொல்வோம். கூச்சப்படும் மாணவர்கள் தங்கள் கேள்வியைக் கேட்பது அப்போதுதான்.

இந்தப் பயணத்தின் உயிர், டிசைனர்கள் திறந்து காட்டிய வேலைக் கோப்புகள். முடிந்துபோன செயலியை எவரும் தன் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதற்காக அலுவலகம் வரை வரத் தேவையில்லை. வெளியே எங்கும் கிடைக்காதது நடுவில் நடந்தவை: கைவிட்ட வடிவங்கள், ஓரத்தில் இருந்த கருத்துகள், "இப்போதுள்ள தரவில் இது முடியாது" என்று டெவலப்பர் போட்ட குறிப்பு, அதன் பின் வந்த மாற்றம். திரைகளை வரையப் பயன்படும் ஃபிக்மா மென்பொருளின் கோப்பில் "பழையவை" என்ற பக்கத்தைத் தயங்காமல் திறந்து, ஒவ்வொரு வடிவமும் ஏன் விழுந்தது என்று விளக்கிய டிசைனர்களுக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

ஒரே திரை வெவ்வேறு சூழலில் எடுக்கும் தோற்றங்களை, அதாவது நிலைகளைப் பற்றி மாணவர்கள் அங்கேதான் தெரிந்துகொண்டார்கள். வகுப்பில் வரையப்படுவது பெரும்பாலும் எல்லாம் சரியாக நடக்கும் ஒரே ஒரு திரை. ஒரு சாதாரணப் பட்டியல் பக்கத்துக்கு நீங்கள் காட்டிய நிலைகள் எத்தனை! பட்டியலில் ஒன்றுமே இல்லாதபோது, ஒன்றே ஒன்று இருக்கும்போது, ஆயிரம் இருக்கும்போது, தரவு ஏறிக்கொண்டிருக்கும்போது, பாதி வந்து இணைப்பு அறுந்தபோது, பார்க்க அனுமதி இல்லாதபோது, பயனரின் பெயர் இரண்டு வரிக்கு நீளும்போது. வரையாமல் விட்ட நிலை மறைந்துவிடுவதில்லை. அதை டெவலப்பர் அவசரத்தில் தானே முடிவு செய்துவிடுவார், அந்த முடிவுதான் பயனரைச் சென்றடையும். பிழைச் செய்தியில் என்ன நடந்தது, அடுத்து என்ன செய்யலாம் என்ற இரண்டும் இருக்க வேண்டும், பயனர் ஏற்கெனவே தட்டெழுதியது அழியக் கூடாது என்று அடித்துச் சொன்னீர்கள். காத்திருப்புக்கு நீங்கள் சொன்ன அளவுகளை மாணவர்கள் மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்கள்: 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 விநாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 விநாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும்.

டெவலப்பர்களே, நீங்கள் செய்தது இன்னும் ஒரு படி மேல். மாணவர்கள் வரைந்த திரைகளை வாங்கி, அவர்கள் கண் முன்பே பிரவுசரில் கட்டிக் காட்டினீர்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து அழகாக இருக்கிறது என்று வாதிட்டவரிடம் நீங்கள் எதிர்வாதம் செய்யவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாட்டைச் சொல்லும் மாறுபாட்டு விகிதத்தை அளந்து காட்டினீர்கள். இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் நெறிகளில் இரண்டாம் நிலை (AA), சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 கேட்கிறது. வெள்ளையின் மேல் #777777 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் 4.48 என்று மயிரிழையில் தவறுகிறது, #767676 தேறிவிடுகிறது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாத இரண்டு நிறங்கள். விரல் பட்டால் வேலை செய்யும் இடமான தொடும் பரப்பும் அப்படித்தான். குறைந்தது ஆப்பிள் 44 பாயின்ட் என்கிறது, ஆண்ட்ராய்டு 48 டிபி என்கிறது; இரண்டும் திரையில் அளக்கும் அலகுகள். ஐகான் 24 அளவில் தெரிந்தாலும் அதைச் சுற்றித் தொடும் பரப்பு விரிந்திருக்க வேண்டும். மாணவர்களின் திரைகளில் நெருக்கி வைத்த ஐகான்களின் பரப்புகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியது பிரவுசரில்தான் வெளிப்பட்டது.

தமிழ் இடைமுகத்துக்கு என்று தனியாக நேரம் ஒதுக்கியதற்கு எங்கள் தனி நன்றி. இதைக் கற்றுத்தரும் பாடத்திட்டம் அரிது. ஆங்கில எழுத்துக்குக் கணக்கிட்ட வரி உயரத்தில் தமிழை ஊற்றினால் மேலே புள்ளியும் இகர வளைவும் வெட்டுப்படும், கீழே உகரக் குறிகள் அடுத்த வரியை உரசும். அமைப்புகள், பதிவிறக்கம், உறுதிப்படுத்து போன்ற சொற்கள் குறுகிய பட்டனுக்குள் அடங்காது. எழுத்தைச் சின்னதாக்குவது தீர்வாகாது. பட்டனே உள்ளடக்கத்துக்கு ஏற்ப விரியும்படி கட்ட வேண்டும், இரண்டாவது வரிக்கும் இடம் விட வேண்டும். எழுத்து வரம்பில் உள்ள சிக்கலை நீங்கள் காட்டியபோது மாணவர்கள் திகைத்தே போனார்கள். "சேமிப்பு" நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் எட்டுக் குறியீடு. ஐந்தாவது குறியீட்டில் நிரல் வெட்டினால் புள்ளி போய் "சேமிப" என்று நிற்கும். ஆகவே வெட்டுவதென்றால் குறியீட்டை எண்ணாமல் முழு எழுத்தை எண்ணி வெட்ட வேண்டும். திரையின் சொற்களை மொழிபெயர்க்கும் உள்ளூர்மொழியாக்கக் குழுவிடம் திரையைக் கொடுக்கும்போது சொற்பட்டியலை மட்டும் அனுப்பாமல், ஒவ்வொரு சொல்லும் எந்த இடத்தில் வருகிறது என்ற படத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பதும் அன்று கிடைத்த பாடம். படம் இல்லாவிட்டால் ஒரே ஆங்கிலச் சொல் பெயரா வினையா என்று மொழிபெயர்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

பயனர் ஆய்வாளர்களுக்கு வருகிறோம். பங்கேற்றவர்களின் ஒப்புதல் பெற்ற பதிவுகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் போட்டுக் காட்டினீர்கள். ஒப்புதல் படிவத்தில் எந்த வரி அதற்கு இடம் தருகிறது என்பதையும் காட்டினீர்கள். சோதனைப் பணியை எழுதும்போது பட்டனில் உள்ள சொல்லையே எழுதிவிடக் கூடாது என்ற ஒரு குறிப்புக்காகவே இந்தப் பயணம் தகும். "கூடையில் சேர்க்கவும்" என்று பணித்தாளில் இருந்தால், பங்கேற்பவர் அந்தச் சொல்லைத் திரையில் தேடிக் கண்டுபிடிப்பார். நாம் சோதிப்பது அவருடைய கண்ணைத்தான், நம் வடிவமைப்பை அல்ல. "இது எளிதாக இருக்கிறதா?" என்று கேட்டால் மரியாதைக்காக ஆம் என்பார்கள், "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்கிக்கொள்வது கடினம், பயிற்சி வேண்டும்.

ஐந்து பேரைக் கொண்டு சோதித்தால் போதும் என்று எங்கள் மாணவர்கள் வேதம் போலச் சொல்வதுண்டு. அந்தக் கணக்கின் அடியில் என்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டியவருக்கு நன்றி. ஒரு சிக்கலை ஒருவர் சந்திக்கும் வாய்ப்பு சராசரியாக 31% என்று பயன்பாட்டு ஆய்வு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் எடுத்துக்கொண்டதால்தான் ஐந்து பேரில் ஏறத்தாழ 85% சிக்கல்கள் வெளிவருகின்றன. பத்தில் ஒருவருக்கு மட்டுமே வரும் சிக்கல் என்றால், ஐந்து பேர் சோதனையில் அது கண்ணில் படும் வாய்ப்பு 41% தான். பயனர்கள் ஒரே வகையினராக இல்லாவிட்டால் ஒவ்வொரு வகைக்கும் தனியாக ஆள் சேர்க்க வேண்டும்.

திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் வழியாகவே வேலை செய்யும் அணுகல்தன்மைச் சோதனையாளர் தன் ஒலிபெருக்கியை மாணவர்களுக்காகத் திறந்துவிட்டார். பெயரிடாத ஐகான் வரும் இடத்தில் "பட்டன்... பட்டன்... பட்டன்" என்று மட்டும் கேட்டது. எந்த உரையாலும் அந்த அளவுக்குப் புரியவைத்திருக்க முடியாது. தலைப்புகளை வரிசையாகத் தாவிப் படிப்பது எப்படி, எழுத்தைப் பெரிதாக்கி மட்டும் தலைப்பு போலக் காட்டினால் ஏன் அது திரைவாசிப்பானுக்குத் தலைப்பாகத் தெரியாது என்பதை அவர் செய்தே காட்டினார். ஐயா, உங்களுக்கு எங்கள் மனமார்ந்த வணக்கம்.

மாணவர்கள் தங்கள் வேலைகளைத் தொகுத்து வைத்த போர்ட்ஃபோலியோக்களைப் பார்த்துக் கருத்துச் சொன்னவர்கள் இனிக்கப் பேசவில்லை. அதற்காகவே நன்றி. பத்துப் பன்னிரண்டு வேலைகளைக் குவித்து வைக்காமல் மூன்று அல்லது நான்கை மட்டும் வைக்கச் சொன்னீர்கள். தேர்வு செய்பவர் முதல் பார்வைக்கு ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு. பலவீனமான ஒன்று பலமான மூன்றையும் கீழே இழுத்துவிடும். ஒட்டுச் சீட்டுகள் நிறைந்த சுவரின் படம் எதையும் நிரூபிக்காது. அதிலிருந்து என்ன முடிவு பிறந்தது என்பதுதான் கேள்வி. குழுவாகச் செய்த வேலையில் "நாங்கள்" என்று மட்டும் எழுதினால், இவர் என்ன செய்தார் என்று நேர்காணலில் கேட்டே ஆவார்கள்; முன்பே எழுதிவிடுவது நல்லது. புகழ்பெற்ற செயலிக்குப் புதுச் சட்டை மாட்டும் வேலைகளைக் குறைத்துக்கொள்ளவும் சொன்னீர்கள், ஏனென்றால் அதில் உண்மையான கட்டுப்பாடு எதுவும் இல்லை. கோப்பின் இணைப்பை அனுப்புமுன், கணக்கில் நுழையாத பிரவுசர் சாளரத்தில் திறந்து பார்க்க வேண்டும் என்ற அறிவுரை எளியதுதான். அனுமதி கொடுக்க மறந்த இணைப்பால் பார்க்கப்படாமலே ஒதுக்கப்படும் விண்ணப்பங்கள் இருக்கின்றன என்று நீங்கள் சொன்னபோது பலர் அங்கேயே கைப்பேசியை எடுத்துச் சரிபார்த்தார்கள்.

வேலைகளின் வகையைப் பற்றியும் தெளிவு கிடைத்தது. திரை வரைவது மட்டுமே டிசைன் வேலை என்று எண்ணி வந்தவர்களுக்கு, இடைமுக வாசகங்களை எழுதுபவர், பயனர் ஆய்வாளர், வடிவமைப்புக் கூறுகளின் தொகுப்பைப் பராமரிப்பவர், அசைவு வடிவமைப்பாளர் ஆகியோர் ஒரே மேசையில் உட்கார்ந்து தங்கள் நாளை விவரித்தார்கள். மேலாளர் ஆகாமலே கைவேலையில் மூத்தவராக வளரும் பாதையும் உண்டு என்று சொன்னதை இரண்டு மூன்று பேர் பெரிய நிம்மதியோடு குறித்துக்கொண்டார்கள்.

முன்னாள் மாணவர்களான நீங்கள் உண்மையைப் பேசினீர்கள். முதல் மாதங்களில் புதிய செயலியை யாரும் கையில் தரமாட்டார்கள். இடைவெளி சரிசெய்தல், விடுபட்ட நிலைகளை வரைதல், ஐகான் ஏற்றுமதி, பிழைப் பட்டியல் இவைதான் வேலை என்று சொல்லி, அந்த வேலையில்தான் தயாரிப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது பிடிபடும் என்றும் விளக்கினீர்கள். கால அட்டவணையை மாற்றிக் கொடுத்த ஆசிரியர்களுக்கும், அனுப்பிவைத்த பெற்றோருக்கும் நன்றி.

அடுத்து நடக்க இருப்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு மாணவரும் தான் ஏற்கெனவே முடித்த ஒரு திரையை எடுத்து, விடுபட்ட நிலைகளையும் தமிழ் வடிவத்தையும் சேர்த்து, மாறுபாட்டு விகிதம் அளந்து, என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று ஒரு பக்கம் எழுதுகிறார். ஒப்பந்தத்துக்கு உட்பட்ட எதுவும் அதில் இல்லை என்று ஆசிரியர்கள் சரிபார்த்த பிறகு, அந்தப் பக்கங்கள் உங்களில் யாருடைய பேச்சிலிருந்து பிறந்தனவோ அவரவருக்கே அனுப்பப்படும். பதில் எழுத நேரம் கிடைத்தால், சரியில்லாத ஒரே ஓர் இடத்தைச் சுட்டி அனுப்புங்கள், மாணவர்கள் காத்திருப்பார்கள்.

நன்றியுடன்,
வடிவமைப்பு மாணவர்களின் நிறுவனப் பயணத்தை ஒழுங்குசெய்த குழுவினர்