இதயம் மாற்றியவருக்கு வைக்கோல் புகை ஆகாது

ஆசிரியருக்கு,

இதயமாற்றுச் சத்திரசிகிச்சை பற்றிய செய்திகள் நோயாளி வீட்டுக்குப் போகிற நாளோடு முடிந்துவிடுகின்றன. அப்புறம் நுரையீரல் படுகிற பாட்டை யாரும் எழுதுவதில்லை. உலகின் முதலாவது இதயமாற்று 1967 டிசம்பர் 3இல் கேப் டவுனில் நடந்தது. லூயி வாஷ்கான்ஸ்கி என்ற அந்த நோயாளி 18 நாள்தான் இருந்தார். புது இதயம் நன்றாகவே துடித்தது. ஆளைக் கொண்டுபோனது நிமோனியா.

நெஞ்சறுத்த நோவுக்குப் பயந்து இருமாமல் கிடந்தால் சளி அடியிலேயே தங்கிவிடும். அதனால்தான் தாதிமார் நாங்கள் தலையணையை மார்போடு அணைத்து இருமச் சொல்வோம், மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியை உறிஞ்சச் சொல்வோம். இது முதல் சில கிழமைகளுக்கு. மாற்று இதயத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க டக்ரோலிமஸ் போன்ற மருந்துகளோ ஆயுள் முழுக்க. அவை எதிர்ப்புச் சக்தியை அடக்குவதால், நமக்கு ஒன்றும் செய்யாத பூஞ்சணம்கூட அவர்கள் நெஞ்சில் வேர்விடும். அஸ்பெர்ஜிலஸ் அப்படியொன்று. மக்கிய வைக்கோலிலும் ஈரம் பட்ட நெல்லிலும் கட்டடம் இடிக்கும் தூசியிலும் அது இருக்கிறது. நுரையீரலையும் தாக்கும் மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி சேற்றில் வாழ்வது. மட்டக்களப்பிலும் அந்த நோய் கண்டறியப்பட்டிருக்கிறது.

படுவான்கரையிலோ அம்பாறை வட்டைகளிலோ வேளாண்மை வெட்டு முடிந்ததும் வைக்கோலுக்கு நெருப்பு வைப்பது வழக்கம். பக்கத்தில் இப்படியொருவர் இருந்தால் அந்தப் புகையைத் தவிருங்கள். உழுது புதைத்தால் மண்ணுக்கும் நல்லது. சிறுநீரகம் மாற்றியவர்களும் இதே மருந்துகளைத்தான் எடுக்கிறார்கள். அவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். சுகம் விசாரிக்கப் போகாவிட்டால் கோபிப்பார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் தடிமனோடு போகாதீர்கள், தொலைபேசியில் கேட்டால் போதும்.

கிளினிக்குகளில் தமிழில் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரமாவது கொடுக்க வேண்டும். அதில் முதலில் போட வேண்டியது: இவர்களுக்குக் காய்ச்சல் காயாமலும் நிமோனியா வரலாம். வறட்டு இருமலும், நாலு படி ஏறினால் இளைப்பும் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து டக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எந்த மருந்து வாங்கப் போனாலும் கிளினிக் கொப்பியைக் கையில் கொண்டுபோய்க் காட்டட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர்,
களுவாஞ்சிகுடி.