திருச்சி டு யாழ்ப்பாணம் 185 கிலோமீட்டர் தான், அதையும் போடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருச்சியிலேர்ந்து வெளிநாட்டு ஊருங்களுக்கு விமான தூரம், நேரம்னு நம்ம பேப்பர்ல ஒரு பெட்டிச் செய்தி வந்துச்சு. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், கொழும்பு எல்லாம் இருந்துச்சு, யாழ்ப்பாணத்த மட்டும் காணோம். அதான் எழுதுறேன்.

என் அக்காவ யாழ்ப்பாணம் பக்கத்துல சுன்னாகத்துல கட்டிக் குடுத்திருக்கோம். மேப்புல நேர்கோடு போட்டுப் பாத்தா திருச்சியிலேர்ந்து யாழ்ப்பாணத்து பலாலி ஏர்போர்ட்டுக்கு சுமார் 185 கிலோமீட்டர் தான், கொழும்பு ஏர்போர்ட் இருக்குற கட்டுநாயக்காவுக்கு 420 கிட்ட வருது. இத்தன வருஷமா நாங்க என்ன பண்ணோம்னா, அக்கா ஊர விட்டுட்டு தெக்கால அவ்ளோ தூரம் பறந்து போய் இறங்கி, அங்கேர்ந்து வேன் புடிச்சு மறுபடி வடக்க 300 கிலோமீட்டருக்கு மேல ரோட்டுலயே வருவோம். 2023ல அம்மாவ அப்படித்தான் கூட்டிட்டுப் போனேன், 72 வயசு, முட்டி வலி வேற. விடியக்காலம் வீட்ட விட்டு கிளம்பினது, யாழ்ப்பாணத்துக்குள்ள நுழையுற ஆனையிறவு தாண்டுறப்ப ராத்திரி 8 மணி, கால் வீங்கிப் போய் செருப்பு நுழையல, செருப்ப கையில புடிச்சுகிட்டு தான் அக்கா வீட்டு வாசப்படி ஏறினாங்க.

2025 மார்ச் 30ல நேர் விமானம் விட்டாங்க. அதுல போகலாம்னு டிக்கெட் ஏஜென்ட் கிட்ட கேட்டா இலங்கைன்னா கொழும்பு வழியா தான்னு அடிச்சு சொல்றாரு, நானே போன்ல காட்டின பிறகு தான் புக் பண்ணி குடுத்தாரு. ஏடிஆர் விமானம், காத்தாடி வெச்சது. டைம்டேபிள்ல ஒரு மணி நேரம்னு இருக்கும், ஆனா அது இங்க கிளம்பி ஊர்ந்து போறதுலேர்ந்து அங்க போய் நிக்கிற வரைக்குமான கணக்கு, வானத்துல இருக்குறது முக்கால் மணி நேரம் கூட இல்ல. அதிராம்பட்டினம் பக்கம் கரைய தாண்டினா கடல், அம்மா ஜன்னலோரமா தண்ணியவே பாத்துட்டு இருந்தாங்க, கொஞ்ச நேரத்துலயே கீழ பனமரமா தெரிய ஆரம்பிச்சுது, "இவ்ளோ கிட்டயாடா இருந்தா இவ"ன்னு என் கைய புடிச்சுகிட்டாங்க. காலைல 10 மணிக்கு வீட்ட விட்டு கிளம்பினோம், சாயங்கால டீ அக்கா வீட்டுல தான்.

இது புதுசா கண்டுபுடிச்ச வழியும் இல்ல. 1947லயே ஏர் சிலோன் விமானம் யாழ்ப்பாணம் வழியா தான் மெட்ராஸுக்கு வந்துச்சு. சண்டையில எல்லாம் போச்சு, 2019 அக்டோபர்ல பலாலிய திறந்து சென்னையிலேர்ந்து விட்டாங்க, 2020ல கொரோனாவால நின்னு போய் திரும்ப வர 2022 டிசம்பர் ஆயிடுச்சு. இப்ப திருச்சிக்கும் வந்த பிறகு, இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாம சனங்க கொழும்பு சுத்திப் போயிட்டிருந்தா, சீட்டு காலியா போகுதுன்னு நிறுத்திடுவாங்களோன்னு எனக்கு பயமா இருக்கு சார்.

அடுத்த தடவ அந்தப் பெட்டிய போடுறப்ப யாழ்ப்பாணம், 185 கி.மீ., 1 மணி நேரம்னு ஒரு வரி சேருங்க. கூடவே ஈடிஏங்கற இலங்கை பயண அனுமதிய முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துடணும்னும், நமக்கும் அவங்களுக்கும் மணி ஒண்ணு தான், வாட்ச்ச மாத்த வேண்டாம்னும் போடுங்க, எங்க அம்மா வயசுல இருக்கறவங்க கிளம்புறப்ப மொதல்ல கேக்குறது அது தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உறையூர், திருச்சி.